வினையுவமமும் வேற்றுமொழி உவமையும்

உவமை செய்யுளுக்கு மட்டும் உரிய அணி என்று கருதுவோர் உளர். அக்கருத்துப் பொருந்தாது. ஒரு மக்கட் கூட்டம் எதனை உழவிற்குப் பூட்டிற்று, எதனை உண்டது, எதற்கு அஞ்சிற்று, எதனை வாயிலுக்கு வெளியே நிறுத்திற்று என்னும் செய்திகளை வரலாற்று நூல்கள் கூறாது விடினும், அம்மக்களின் நாள்வழக்கில் உள்ள உவமைகள் கூறிவிடும். உண்ணல், உறங்கல், உழைத்தல், ஓடல் ஆகிய எளிய செயல்களைக் குறித்து எழும் உவமைகளே இவ்வகையில் மிகுந்த சான்று பகர்வன. புலவர் ஆராய்ந்து அமைத்த உவமைகள் அவை அல்ல. வேலை செய்வோர் வேலைக்கிடையே வாய்திறந்து சொன்னவை.

மலாக்கா மாநிலத்தில் குருபோங் வட்டாரத்திலிருந்து தமிழ்ப்பள்ளிக்குச் செல்லும் ஒரு சிறுவனை எண்ணிப் பார்ப்போம். அவன் தமிழும் மலாயும் ஆங்கிலமும் ஆகிய மூன்று மொழிகளை ஒருங்கே பயில்கிறான். மூன்று பாடங்களிலும் அவனுக்கு உவமைகள் கற்பிக்கப்படுகின்றன. 2011ஆம் ஆண்டு தொடங்கிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் தமிழ்ப் பாடத்தில் ‘செய்யுளும் மொழியணியும்’ என்றொரு கூற்றினை வைத்து, அதனுள் உவமைத்தொடருக்கும் இடம் தந்துள்ளது. ஆங்கில வகுப்பில் அவன் ‘மரக்கட்டைபோல் உறங்கினான்’, ‘குதிரைபோல் உண்டான்’, ‘நாய்போல் உழைத்தான்’ என்னும் பொருளுடைய தொடர்களைப் பயில்கிறான். பயின்றவற்றை அவ்வாறே தமிழ்க் கட்டுரையிலும் எழுதிவிடுகிறான். சிறுவன் மட்டுமன்று, செய்தித்தாளில் எழுதுவோரும் மேடையிற் பேசுவோரும் இதனைச் செய்கின்றனர். இது மொழிக்கு வளமா, இழப்பா என்பதே இங்கு நாம் ஆராய வேண்டுவது.

தொல்காப்பியர் தரும் அளவுகோல்

உவமவியலில் தொல்காப்பியர் உவமை தோன்றும் வழிகளை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். புலிபோற் பாய்ந்தான் என்பது செயலால் ஒப்பது, ஆதலின் வினையுவமம். மழைபோல் வழங்கும் கை என்பது பயனால் ஒப்பது. துடிபோன்ற இடை வடிவால் ஒப்பது. பவளம் போன்ற இதழ் நிறத்தால் ஒப்பது. நாம் எடுத்துக்கொண்ட அன்றாடச் செயல்கள் பற்றிய உவமைகள் யாவும் வினையுவமத்தின் பாற்படும். அவர் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே எட்டு உவம உருபுகளைக் கூறுகின்றார். இன்று நாம் எல்லாவற்றிற்கும் வழங்கும் ‘போல’ என்பதனை அவர் உருவுவமத்திற்கு உரியதாக வைத்தார் என்பது கருதத்தக்கது. ‘அன்ன’, ‘ஆங்கு’, ‘மான’ முதலியன வினையுவமத்திற்கு உரியன. செயலால் வரும் ஒப்புமையும் நிறத்தால் வரும் ஒப்புமையும் ஒன்றல்ல என்பதில் அவர் அத்துணை நுட்பம் காட்டினார்.

இதனினும் நமக்கு இன்றியமையாதது வேறொன்று. உவமை பிறக்கும் நிலைக்களங்களைச் சிறப்பு, நலன், காதல், வலி என நான்காகக் கூறிய ஆசிரியர், தாழ்த்திச் சொல்லும் கிழக்கிடு பொருளையும் உடன்கூட்டி ஐந்து என்றார். எனவே, உவமை ஒன்றைச் சொல்லுவோன் இரண்டு செய்திகளைச் சொல்லுகிறான். இச்செயல் அச்செயலை ஒத்தது என்பது ஒன்று. அச்செயலைத் தான் உயர்வாகக் கருதுகிறானா, தாழ்வாகக் கருதுகிறானா, அன்போடு பார்க்கிறானா என்பது மற்றொன்று. முன்னையது வினை, பின்னையது நிலைக்களம். மொழிபெயர்ப்பில் வினை எளிதிற் பெயரும், நிலைக்களம் பெயராது. இதுவே இக்கட்டுரையின் முடிபு. இதனைச் சில சான்றுகளால் நிறுவுவோம்.

ஆங்கில உவமைகள் நான்கு

முதலாவது, உறக்கம். ஆழ்ந்து உறங்கியவனை ஆங்கிலேயர் மரக்கட்டைக்கு ஒப்பிடுவர். அவர்க்கு அது இனிய உறக்கம். குளிர்நாட்டில் அடுப்பருகே அசையாது கிடக்கும் பருத்த விறகுக்கட்டை அவர் கண்முன் நிற்கும் பொருள். தமிழிலோ ‘கட்டை’ என்னும் சொல் உடலையும், சிலவிடத்து உயிர்போன உடலையும் குறிக்கும். ‘இந்தக் கட்டை வேகுமட்டும்’ என்று முதியோர் தம்மைக் கூறிக்கொள்வதை யாவரும் அறிவர். ‘கட்டைபோற் கிடக்கிறார்’ என்றால் நோயுற்று நினைவிழந்தார் என்றே கேட்போர் பெரும்பாலும் கொள்வர். ‘நேற்றிரவு தந்தையார் கட்டைபோற் கிடந்து உறங்கினார்’ என்று சிறுவன் எழுதினால், அவன் சொல்ல நினைத்தது இன்பம். படிப்பவர்க்குப் பிறப்பது அச்சம். இவ்விடத்துக்கு உரிய தமிழ், ‘அடித்துப் போட்டாற்போல் உறங்கினான்’ என்பது. பகலெல்லாம் உழைத்துச் சாய்ந்தவனின் உறக்கத்தை உழைப்பாளியே கண்டு சொன்ன சொல் அது. களைப்பின் காரணமும் அதனுள் அடங்கியிருக்கிறது. ஆங்கிலக் கட்டையில் அக்காரணம் இல்லை.

இரண்டாவது, உணவு. மிகுதியாக உண்பவனைக் குதிரைக்கும், குறைவாக உண்பவனைப் பறவைக்கும் ஆங்கிலம் ஒப்பிடும். இங்கிலாந்தின் உழவர் குதிரையைக் கொண்டு உழுதனர். அதன் தீனிக்கு ஆன செலவை அவர் நாள்தோறும் கண்டனர். நம் நாட்டு உழவர்க்குக் குதிரை அரசர் ஊர்தி. அதன் தீனியைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டியிருந்ததில்லை. பெரும்பசிக்கு நாம் யானையை நினைத்தோம். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்றோம். குறைவாக உண்பதற்குக் ‘குருவிபோற் கொறிக்கிறாள்’ என்பது நமக்கும் உண்டு. உண்மையில் சிறு பறவைகள் தம் உடலின் எடைக்கு ஏற்ப நோக்கின் மிகுதியாகவே உண்பன. இருமொழியாரும் பறவையின் அலகை நோக்கினரேயன்றி அதன் வயிற்றை நோக்கவில்லை. உயிர்நூல் உண்மை வேறு, உவமை உண்மை வேறு என்பதற்கு இது நல்ல சான்று.

மூன்றாவது, குடி. ‘மீன்போற் குடிக்கிறான்’ என்றால் ஆங்கிலத்தில் மதுவில் மூழ்கியவன் என்பது பொருள். இதனைத் தமிழிற் பெயர்த்தால் யாதொரு பொருளும் தோன்றாது. மீன் நமக்கு நீந்துதலுக்கும் துள்ளுதலுக்கும் கண்ணழகிற்கும் உவமை. குடித்தலுக்கு உவமை ஆனதில்லை. கடல்மீன் நீர் குடிக்கும். நன்னீர் மீன் பெரும்பாலும் குடிப்பதில்லை என்னும் உயிர்நூற் செய்தியும் இங்கு உதவாது. தமிழன் பெருங்குடியனை ‘மொடாக்குடியன்’ என்றான். மொடா என்பது பெரும்பானை. குடித்தலைக் கொள்கலத்தால் அளந்தது தமிழ்.

நான்காவது, உழைப்பு. இதுவே நான்கனுள் நுட்பமானது. மேய்ச்சற் காட்டில் ஆட்டுமந்தையைக் காலை முதல் மாலை வரை மடக்கி ஓட்டும் நாயைக் கண்டவன் ‘நாய்போல் உழைத்தேன்’ என்று சொல்லலாம். அதில் முறையீடு இருப்பினும் இழிவு இல்லை. தமிழில் நாய் உழைப்பதன்று, அலைவது. ‘நாயாய் அலைந்தேன்’, ‘நாய்படாத பாடு பட்டேன்’ என்பன நம் வழக்கு. ஒருவனுடைய உழைப்பை நாயோடு சேர்த்துத் தமிழிற் சொல்லும்போது கிழக்கிடு பொருள் வந்து புகுந்துவிடுகிறது. தன்னைத் தானே அவ்வாறு சொல்லிக்கொண்டால் நோவு. பிறர் தந்தையைச் சொன்னால் வசை. ஆனால் ‘மாடாய் உழைத்து ஓடாய்த் தேய்ந்தார்’ என்னும் தொடரைக் கருதுக. மாடு வீட்டின் செல்வம். பொங்கல் நாளில் வணங்கப் பெறுவது. ஓடு பிறர்க்காகத் தேய்வது. உழைப்பின் மிகுதியோடு உழைத்தவர்பால் சொல்லுவோர்க்குள்ள நன்றியும் அத்தொடரில் இருக்கிறது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தாயையும் தந்தையையும் குறித்து எழுத வேண்டிய மாணவன், இவ்விரு உவமைகளுள் எதனை எடுக்கிறான் என்பது சிறு செய்தியன்று.

ஒரே காட்சி, இரு பொருள்

ஆங்கிலத்தோடு மலாயையும் வைத்து நோக்கினால் இவ்வுண்மை இன்னும் விளங்கும். நெருங்கிய நட்பிற்கு நாம் ‘நகமும் சதையும் போல’ என்கிறோம். மலாய் மக்களும் சதையையும் நகத்தையுமே சொல்லுவர். காட்சியும் ஒன்று, பொருளும் ஒன்று. அறிவு குறுகியவனை நாம் கிணற்றுத் தவளை என்போம். அவர் தேங்காய்ச் சிரட்டையின்கீழ் அகப்பட்ட தவளை என்பர். தவளை ஒன்றே; இடம் வேறு. வறண்ட நிலத்தில் ஆழக் கிணறு தோண்டியவர் கிணற்றைக் கண்டனர். தென்னஞ்சோலையில் வாழ்ந்தவர் சிரட்டையைக் கண்டனர்.

இனி, இலைமேல் நீரைக் கருதுவோம். ‘தாமரை இலைத் தண்ணீர் போல’ என்றால் தமிழில் ஒட்டியும் ஒட்டாமலும் இருத்தல். துறவுநெறி பேசுவோர் அதனைப் பாராட்டிக் கூறுவர். மலாய் மொழியில் சேம்பின் இலைமேல் ஊற்றிய நீர் என்றால் அறிவுரை சிறிதும் பதியாமை, அது பழிப்பு. இரண்டு இலைகளும் நீரை உருட்டிவிடுவன. வினை ஒன்றே. ஆயின் ஒன்று புகழ், மற்றொன்று இகழ். இப்பழிப்பையே ஆங்கிலேயர் வாத்தின் முதுகில் வழியும் நீர் என்பர். தமிழர் ‘எருமைமேல் மழை பெய்தாற்போல’ என்பர். மூன்று மொழியும் அறிந்த மலாக்காச் சிறுவன் சேம்பிலையைத் தமிழிற் பெயர்க்கும்போது தாமரையிலையை எழுதிவிட்டால், திட்ட வேண்டியவனைத் துறவியாக்கி விடுவான். அவன் எடுக்க வேண்டியது எருமையை. காட்சி ஒத்திருப்பது மொழிபெயர்ப்பாளனுக்குப் பெரிய கண்ணி என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது.

கடன் கொள்ளலாகாதோ?

‘அங்ஙனமாயின் பிறமொழி உவமையைத் தமிழ் ஏற்கவே கூடாதோ?’ என்று வினவலாம். ஏற்கலாம், ஏற்றும் உள்ளது. பொய்யழுகையைக் குறிக்கும் ‘முதலைக் கண்ணீர்’ மேனாட்டார் கதைவழி வந்தது. நமக்கு முன்னரே நீலிக் கண்ணீர் இருந்தது. பழையனூர் நீலியின் கதை அறிந்தவர்க்கு அச்சொல் வெறும் பொய்யழுகையைக் குறிப்பதன்று. அழுது நம்பவைத்து உயிர்கொள்ளும் வஞ்சத்தைக் குறிப்பது. முதலைக் கண்ணீரோ அரசியல் மேடைப் பாசாங்கு வரை எங்கும் பொருந்துவது. இரண்டும் இன்று தமிழில் வழங்குகின்றன. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. முதலை நாம் அறிந்த விலங்கு. அதன் கொடுமையும் நாம் அறிந்தது. எனவே வினையோடு நிலைக்களமும் உடன்வந்தது. தேனீயின் சுறுசுறுப்பும் காட்டுத்தீயின் பரவலும் தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் பொதுவாக இருப்பதும் இக்காரணத்தாலேயே.

ஆகவே ஆசிரியர் வகுப்பறையில் மூன்று வினாக்களை எழுப்பலாம். அவ்வுவமையில் வரும் வினை நம் மாணவர் அறிந்ததா? அதனைச் சொல்லுவோர் கொண்ட மதிப்பும் நாம் கொள்ளும் மதிப்பும் ஒன்றா? அவ்விடத்தில் தமிழில் முன்பே நிற்கும் சொல் யாது, அது எவ்வகையில் வேறுபடுகிறது? இம்மூன்றையும் கடந்து வரும் உவமையை வரவேற்கலாம். கடவாதவற்றை ஆங்கில வகுப்பில் ஆங்கிலமாகவே, அந்நாட்டு வாழ்க்கையோடு சேர்த்துக் கற்பித்தல் நன்று. குதிரை பூட்டிய ஏரைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் குதிரைபோல் உண்ணுதலைக் கற்பிப்பவர், சொல்லைத் தருகிறாரேயன்றி மொழியைத் தரவில்லை.

நம் பட்டியலின் குறை

குறையை ஆங்கிலத்தின்மேல் மட்டும் ஏற்றிவிட்டு அமைதல் நேர்மையன்று. தமிழ் உவமைத்தொடர்ப் பட்டியலையும் நாம் பொருளுரையோடு மனப்பாடம் செய்வித்தே வந்திருக்கிறோம். ‘மழைமுகம் காணாப் பயிர்போல’ என்பதன் பொருளை மாணவன் ஒப்பித்துவிடுவான். ஆனால் ஆண்டின் பெரும்பகுதி மழை காணும் மலாக்காவில் பிறந்த அவன், வானம் பார்த்த நிலத்தில் வாடி நிற்கும் பயிரைக் கண்டவனல்லன். ‘பசுமரத்தாணிபோல’ என்பதனைப் பசுமரத்தில் ஆணி அடித்துப் பாராமலே எழுதுகிறான். அவனுக்கு இவையும் ஆங்கிலக் குதிரையும் ஒன்றே. இரண்டும் பிறர் கண்டவை.

1988 முதல் நடைபெற்ற யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இப்பழக்கத்திற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. அத்தேர்வு 2021ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. இனித் தேர்வைச் சுட்டி ஒதுங்குதல் இயலாது. இலக்கணம் கற்பிப்பவர்க்குக் கிடைத்துள்ள இவ்விடைவெளியை நன்முறையிற் பயன்கொள்ள வேண்டும்.

வள்ளுவர் வழி நமக்கு உதவும். அவர் பெரும்பொருளை விளக்க எளிய செயலையே நாடினார். கற்குந்தோறும் அறிவு பெருகுதலை மணலைத் தோண்டத் தோண்ட ஊறும் கேணியாற் காட்டினார். பொறுமையைத் தன்னைத் தோண்டுவாரையே தாங்கும் நிலத்தாற் காட்டினார். இறப்பை உறக்கத்தாலும் பிறப்பை விழிப்பாலும் காட்டினார். ஆங்கிலப் பட்டியல் உறக்கத்தை விளக்கக் கட்டையைத் தேடிற்று. வள்ளுவர் இறப்பை விளக்க உறக்கத்தையே எடுத்தார். கண்முன் நிகழும் வினையைக் கூர்ந்து நோக்கினால் அதுவே உயர்ந்த உவமையாகும் என்பது அவர் காட்டிய நெறி.

பால்மரத்தடியில்

அவ்வாறு நோக்குவதற்குரிய வினை மலாக்காவில் இல்லையா? மலாயாவில் இரப்பரை வாணிக முறையில் முதன்முதல் பயிரிட்ட இடம் மலாக்கா. 1896இல் தான் சே யான் என்பார் புக்கிட் லிந்தாங்கில் அதனைத் தொடங்கினார். பின்னர் அது புக்கிட் அசகானுக்குப் பரவிற்று. அதனைத் தொடர்ந்து எழுந்த தோட்டங்களில் தமிழர் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டினர். விடியுமுன் பெரட்டுக்கு எழுந்தனர். வெயில் ஏறுமுன் வெட்டினாற்றான் பால் நன்கு ஒழுகும் என்பதனை அறிந்தனர். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் புண்படும், அவ்விடத்துப் பட்டை செவ்வையாக வளராது. மேலோட்டமாகச் சீவினால் பால் வாராது. மழை பெய்தால் மங்கில் நீர் புகுந்து அன்றைய உழைப்பு வீணாகும். அமிலம் சேர்ந்தால் ஓடும் பால் உறைந்துவிடும்.

இவற்றுள் எத்தனை வினையுவமங்கள் உறங்குகின்றன! மாணவனின் உள்ளத்தைப் புண்படுத்தாமல் அவன் அறிவை வெளிக்கொணரும் ஆசிரியரை, மரம் நோகாமல் பால் எடுக்கும் கைக்கு ஒப்பிடலாம். கைக்கெட்டியது கடைசி நேரத்தில் கெட்டதனை மழை புகுந்த மங்குக்கு ஒப்பிடலாம். திடீரெனச் செய்தி கேட்டுச் செயலற்றுப் போனவனை அமிலம் பட்ட பாலுக்கு ஒப்பிடலாம். இவை யாம் எடுத்துக்காட்டாக அமைத்தவையே. தோட்டத்து முதியோர் வாயில் இவற்றினும் சிறந்தவை இருத்தல் கூடும். வெட்டு மரம், நிரை, மங்கு, பெரட்டு முதலிய சொற்களை அறிந்த தலைமுறை குறைந்து வருகிறது. இரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் வந்துள்ளன. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்தோடு அவ்வினைகளும், வினைகளோடு அவற்றின் சொற்களும் வெளியேறுகின்றன.

மொழி கைநழுவுதல் வெறும் கற்பனை அச்சமன்று என்பதற்கு மலாக்கா நகரமே சான்று. கஜா பேராங்கில் வாழும் மலாக்காச் செட்டிமார், சுல்தான்கள் காலத்தில் வாணிகத்தின் பொருட்டு வந்த தமிழர் வழியினர். பொங்கலைப் போற்றுகின்றனர், 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலையும் பேணி வருகின்றனர். எனினும் அவர்தம் வீட்டுமொழி மலாயாக மாறிப் பல தலைமுறைகள் ஆயின. வழிபாடு நின்றது, உணவு நின்றது, பேச்சு நிற்கவில்லை. பேச்சு மாறிய இடத்தில் அப்பேச்சுக்குரிய உவமைகள் மட்டும் தனித்து வாழ்தல் எங்ஙனம் இயலும்?

ஆசிரியப் பெருமக்கள் செய்யத்தக்கது அரியதொன்றன்று. உவமைத்தொடர் கற்பிக்கும் நாளில், மாணவர் தம் பாட்டனிடமோ பாட்டியிடமோ சென்று, அவர் செய்த வேலை ஒன்றைக் கேட்டறிந்து, அதனை வேறொன்றற்கு உவமையாக்கி ஒரு தொடர் எழுதி வரச் செய்யலாம். தோட்டத்தை அறியாத வீட்டுப் பிள்ளைகள் தாயின் சமையலையோ தந்தையின் தொழிற்சாலை வேலையையோ கேட்டு எழுதலாம். வந்த தொடர்களை வகுப்பில் வைத்து, வினை பொருந்துகிறதா, நிலைக்களம் யாது என்று ஆராயலாம். ஆங்கில உவமையையும் மலாய் உவமையையும் அவற்றின் அருகே வைத்து ஒப்பிடலாம். மூன்று மொழிகளும் அவ்வாறு ஒன்றற்கொன்று உதவும்.

பட்டியலில் உள்ள உவமைகளும் ஒரு காலத்தில் எவனோ ஒருவன் தன் கண்ணாற் கண்டு சொன்னவையே. எருமைமேல் பெய்த மழையை முதலிற் பார்த்துச் சிரித்தவன் பெயர் நமக்குத் தெரியாது. அவன் சொல் நிற்கிறது. பால்மரத்தடியில் மங்கு நிறையக் காத்து நின்றவர்களும் நம்மவரே. அவர் கண்டவற்றைச் சொல்லாக்கி வைக்கும் கடமை, அவரை இன்னும் நேரிற் கேட்டறியக்கூடிய இத்தலைமுறை ஆசிரியர்க்கே உரியது.